அடுப்புக்கு அஜீரணம்!

வீட்டில் குழந்தை சாப்பிட மறுத்தால் என்ன செய்கிறோம்? நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறோம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறோம். நேற்று என்ன தின்றது, யார் வீட்டில் தின்றது என்று விசாரிக்கிறோம். ஆனால் அடுப்பு சாப்பிட மறுத்தால்? முதலில் அதன் தலையில் ஒரு தட்டு. அடுத்தபடியாக அதை விற்றவனுக்கு நாலு வசவு. கடைசியாக, யோசனையே இல்லாமல் ஓர் ஆபத்தான காரியம்!

அந்த ஆபத்தான காரியம் சென்ற மழைக் காலத்தில் என் கண் முன்னாலேயே நடக்க இருந்தது. நல்ல வேளை, நடக்கவில்லை. நடக்காமல் போன அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கதையோடு கொஞ்சம் அடுப்பு வைத்தியமும் சேர்ந்து வரும். உங்கள் வீட்டில் இருப்பது காஸ் அடுப்புதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதற்கும் கடைசியில் மருந்து இருக்கிறது.

இட்டிலி அக்கா

எங்கள் ராயபுரத்துக்கு இரண்டு பெருமைகள் உண்டு. 1856-ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி புறப்பட்டது எங்கள் ராயபுரம் நிலையத்திலிருந்துதான். இன்னொரு பெருமை, ஊரெல்லாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் நேரத்தில் நாங்கள் விழித்துக்கொண்டு விடுவது. காசிமேட்டில் படகுகள் கரை சேரும். மீன் ஏலம் கூவும் குரல் எழும்பும். லாரிகள் துறைமுகத்தை நோக்கி உறுமிக்கொண்டு போகும். இத்தனை பேருக்கும் பசிக்கும் அல்லவா? அந்தப் பசிக்குப் பதில் சொல்கிறவர்களில் ஒருவர், எங்கள் தெரு முனையில் இட்டிலிக் கடை வைத்திருக்கும் அக்கா. அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் இட்டிலி அக்கா என்றால்தான் தபால்காரருக்கே புரியும்!

கணவர் இல்லாத அக்காவுக்கு ஒரே பிள்ளை. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனுடைய சம்பளம், புத்தகம், செருப்பு எல்லாமே இட்டிலித் தட்டிலிருந்துதான் வர வேண்டும். கடைக்கு வாங்கும் 19 கிலோ காஸ் சிலிண்டரின் விலை ஏற ஏற, அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தார். இட்டிலி விலையை ஏற்றினால் மூட்டை தூக்குகிறவர்கள் வேறு கடையைப் பார்ப்பார்கள். ஆகவே அடுப்பை மாற்றினார். 'பெல்லட் அடுப்பு' என்ற புது அவதாரம் கடைக்கு வந்தது.

முதல் நான்கு மாதங்கள் அடுப்பு பிரமாதமாக எரிந்தது. ஐப்பசி பிறந்தது, மழையும் பிறந்தது, சங்கடமும் கூடவே பிறந்தது.

அன்றைக்கு விடியற்காலை ஐந்து மணி இருக்கும். பால் வாங்கப் போன நான் கடைப் பக்கம் புகை மண்டலமாக இருப்பதைக் கண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். என்னோடு சித்தப்பாவும் வந்திருந்தார். வடசென்னைப் பக்கத்து அனல் மின் நிலையம் ஒன்றில் நிலக்கரி ஊட்டும் பிரிவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் நடை போகாவிட்டால் அவருக்கு உலகம் சுற்றாது.

அடுப்பின் மேல் இட்டிலிக் கொப்பரை. உள்ளே மாவு பாதி வெந்தும் வேகாமலும் களியாகக் கிடந்தது. அடுப்புத் தொட்டி நிறைய எரிபொருள் இருந்தது. ஆனால் ஒரு துண்டுகூடக் கீழே இறங்கவில்லை. ஜுவாலை மங்கிப் போய், சல்லடைக்கு மேல் கங்கு மட்டும் கனன்று கொண்டிருந்தது.

"நாலு நாளா இப்படித்தான் பண்ணுதும்மா. ஊதினா எரியுது, விட்டா செத்துப்போவுது. இன்னிக்கி மாவு அத்தனையும் போச்சு" என்றார் அக்கா. முந்தானையால் அவர் துடைத்துக்கொண்டது புகையையா, கண்ணீரையா என்று தெரியவில்லை.

அதற்குள் பிள்ளை உள்ளே ஓடினான். படகு வைத்திருக்கும் மாமன் வீட்டிலிருந்து வந்த கிருஷ்ணாயில் கேன் ஒன்று மூலையில் இருந்தது. அதை எடுத்து வந்து மூடியைத் திருகிக் கங்கின் மேல் சாய்க்கப் போனான்.

"டேய்!"

சித்தப்பா அவ்வளவு உரக்கக் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்தியதோடு நிற்காமல் பையனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தே விட்டார். கேன் தரையில் உருண்டது. பையன் திகைத்துப் போய் நின்றான்.

கங்கின் மேல் எண்ணெயா?

சகோதரிகளே, இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்துகிறேன். இதைவிட முக்கியமான விஷயம் இந்தக் கட்டுரையில் வேறு இல்லை.

எரிந்து கொண்டிருக்கும் விறகில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளித்தால் 'பக்' என்று பிடித்துக்கொள்ளும்; அவ்வளவுதானே என்று நாம் நினைக்கிறோம். ஜுவாலை இல்லாத கங்கு அதைவிட மோசமானது. சூடான கங்கின் மேல் விழுந்த மண்ணெண்ணெய் உடனே தீப்பற்றாமல் முதலில் ஆவியாகிறது. வெள்ளைப் புகை போல அடுப்பைச் சுற்றிச் சூழ்ந்துகொள்கிறது. அப்புறம் எங்கோ ஒரு பொறி பட்டதும் அத்தனையும் ஒரே சமயத்தில் தீப்பிடிக்கிறது. ஊற்றிக் கொண்டிருக்கும் தாரை வழியாகவே கேன் வரைக்கும் நெருப்பு ஏறிவிடும். கேன் யார் கையில் இருக்கிறது? ஊற்றுகிறவர் கையில்! பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் இவையெல்லாம் மண்ணெண்ணெயை விடப் பொல்லாதவை.

அக்கா ஒன்றும் பேசாமல் தம் இடது கைச் சட்டையைச் சற்று மேலே தூக்கிக் காட்டினார். முழங்கை வரை சுருங்கிய தழும்பு. புதுப் பெண்ணாக வந்த நாளில் பம்ப் ஸ்டவ்வில் எண்ணெய் ஏறவில்லை என்று, அது ஆறுவதற்கு முன்னாலேயே மூடியைத் திறந்தாராம்.

பம்ப் ஸ்டவ் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஸ்வீடன் தேசத்தில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1892-ல் செய்த 'பிரைமஸ்' அடுப்பின் வம்சம் அது. எண்ணெயைக் காற்றால் அழுத்தி, சூடான குழாயில் ஆவியாக்கி, மயிரிழை போன்ற துவாரம் வழியாகப் பீச்சி எரிப்பது அதன் தத்துவம். அந்தத் துவாரத்தில் கரி அடைத்தால் அடுப்பு மூச்சுத் திணறும். அதற்கென்றே தகர நுனியில் ஊசி வைத்த 'ஸ்டவ் பின்' பெட்டிக் கடையில் விற்றது. பின்னைக் குத்தி அடைப்பை எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அவசரப்பட்டு, அழுத்தம் இறங்காமல் திறந்தவர்களும், எரிய எரிய எண்ணெய் ஊற்றியவர்களும் பட்ட பாடு கொஞ்சமா? ஸ்டவ் வெடித்துப் பெண் மரணம் என்ற செய்தி வராத மாதம் இல்லாதிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் அடுப்புகள் பெரும்பாலும் நம் வீடுகளை விட்டுப் போய்விட்டன. ஆனால் அந்த அவசரம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை!

பென்சில் துண்டும் மரத்தூளும்

கதைக்குத் திரும்புவோம். பெல்லட் அடுப்பைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை.

மர அறுவை மில்லில் குவியும் ரம்பத் தூளையும், கடலைத் தொலி, கரும்புச் சக்கை போன்ற விவசாயக் கழிவுகளையும் உலர்த்தி, யந்திரத்தில் பலமாக அழுத்திச் சின்னத் துவாரங்களின் வழியாகப் பிழிகிறார்கள். நாம் முறுக்குப் பிழிகிறோமே, அதே மாதிரிதான். அழுத்தத்தில் ஏற்படும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற பொருள் இளகிப் பசையாகிறது. தனியாகப் பசை சேர்க்காமலே தூள் ஒட்டிக்கொண்டு, உடைத்த பென்சில் துண்டு மாதிரி வெளியே வருகிறது. அதுதான் பெல்லட்.

அடுப்பில் ஒரு பக்கம் சாய்வான தொட்டி. அதில் பெல்லட்டைக் கொட்டினால், கீழே எரிய எரிய மேலே உள்ளது தானாகவே சரிந்து இறங்கும். சல்லடைத் தட்டின் மேல் அது எரியும். அடியிலிருந்து ஒரு சின்ன மின்விசிறி காற்றை ஊதும். அந்தக் காலத்துக் கொல்லனின் துருத்திக்குப் பதில் இந்த விசிறி.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர் காய்வதற்கே பெல்லட் அடுப்பு வைத்திருக்கிறார்கள். 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அங்கே இந்த யோசனை வேரூன்றியது. அந்த அடுப்புகளில் மோட்டார் சுழற்றும் திருகு ஒன்று இருக்கிறது. அது சுற்றச் சுற்ற, தொட்டியிலிருந்து இத்தனை துண்டு என்று எண்ணிப் போடுவது போல நெருப்புக்கு ஊட்டுகிறது. அந்தத் திருகில் தூள் சிக்கினால் அங்கேயும் இதே கதைதான். பனிக் காலத்து நடு இரவில் அடுப்பு அணைந்து, வீடே விறைத்துப் போகும்.

நம் நாட்டிலும் வீட்டுப் பெண்களுக்கென்றே இப்படி ஓர் அடுப்பு வந்தது. பெயர் 'ஊர்ஜா'. பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியை வைத்து, பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனி 2006-ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் அதை விற்றது. பாட்டரியில் ஓடும் குட்டி விசிறி அதன் அடியில் இருந்தது. நான்கு லட்சம் அடுப்புகள் வரை விற்பனையாயின. அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? பெல்லட் செய்யும் கழிவுகளுக்கே கிராக்கி வந்து விலை ஏறிவிட்டது. அடுப்பை வாங்கிய பெண்கள் பெல்லட் வாங்கக் கட்டுப்படியாகாமல் மறுபடி விறகுக்குப் போனார்கள். அடுப்பு நன்றாகத்தான் இருந்தது. ஊட்டுவதற்குத்தான் ஆகாரம் இல்லாமல் போயிற்று. ஆகவே, எந்த அடுப்பை வாங்குவதற்கு முன்பும், எரிபொருள் நாளைக்கும் இதே விலையில் கிடைக்குமா என்று இரண்டு தடவை கேளுங்கள்.

பெல்லட்டில் லாபம் உண்டா என்று அறிய விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் கிடைக்கும் உஷ்ணம் சுமார் 11,000 கிலோ கலோரி. நல்ல மரத்தூள் பெல்லட் ஒரு கிலோவில் சுமார் 4,000. அதாவது 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடு, ஐம்பது கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பெல்லட். சேதாரம் சேர்த்து அறுபது என்று வையுங்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று வழிகள்

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடுப்புக்கும் நம்மைப் போலத்தான் அம்மா, மூன்று வழி. சாப்பிடுகிற வழி, மூச்சு விடுகிற வழி, கழிக்கிற வழி. மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் வியாதி தானே அகப்படும். நடுவில் புகுந்து தட்டினால் அகப்படாது" என்றார்.

முதல் வேலையாக, கொப்பரையை இறக்கச் சொன்னார். தொட்டியில் மேற்கொண்டு ஒரு பிடிகூடப் போடக்கூடாது என்றார். முகத்தை நீட்டித் தொட்டிக்குள் பார்க்கப் போன என்னையும் தடுத்தார். புகை கட்டியிருக்கும் அடுப்பு சட்டென்று தீப்பிடித்தால் ஜுவாலை தொட்டி வழியாகவே முகத்துக்கு வருமாம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். அரைகுறையாக எரியும் எந்த அடுப்பும் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயுவை விடுகிறது. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய அறையில் ஆளையே கொல்லும். விசிறியை மட்டும் ஓட விட்டு, கங்கு முழுதும் எரிந்து தணிந்த பிறகு பிளக்கைப் பிடுங்கி, இரும்பு கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தோம். நாற்பது நிமிஷம் ஆயிற்று. அக்காவுக்கு அது நாற்பது நாளாக இருந்திருக்கும்!

சாப்பிடுகிற வழியை முதலில் பார்த்தோம். தொட்டியைக் காலி செய்ய முயன்றபோது மேலே இருந்த பெல்லட் சலசலவென்று வந்தது. அடியில் இருந்தது வரவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பினால் அது துண்டு துண்டாக இல்லை; கட்டித் தயிர் போல ஒரே பிண்டம்! தொட்டியின் குறுகிய வாய்க்கு மேலே, பாலத்தின் வளைவு மாதிரி, ஈரத்தூள் இறுகி நின்றது. மேலே உள்ள பாரத்தை அந்த வளைவு தாங்கிக்கொண்டதால் ஒன்றும் இறங்கவில்லை. தட்டினால் கொஞ்சம் உடைந்து விழும், எரியும், மறுபடி வளைவு கட்டும். 'ஊதினால் எரியுது, விட்டால் சாகுது' என்று அக்கா சொன்னதன் ரகசியம் இதுதான்.

"எங்கள் பாய்லருக்கும் மழைக் காலத்தில் இதே வியாதி. நிலக்கரி நனைந்தால் போதும், மலை மாதிரி தொட்டியில் குவிந்திருக்கும். ஒரு பிடி கீழே விழாது. சம்மட்டி எடுத்துத் தொட்டியைத் தட்ட ஆள் போடுவோம். அது பெரிய அடுப்பு, இது சின்ன அடுப்பு" என்று சிரித்தார் சித்தப்பா.

அப்புறம் ஒரு சோதனை. மூட்டையிலிருந்து ஒரு பெல்லட்டை எடுத்து விரல்களால் ஒடித்தார். சத்தமே வராமல் பிஸ்கோத்து மாதிரி பொடிந்தது. நல்ல பெல்லட் பளபளப்பாக இருக்கும். ஒடித்தால் 'டக்' என்று சத்தம் கேட்கும். தண்ணீரில் போட்டால் மிதக்காமல் அடியில் போய் உட்காரும். உட்கார்ந்த பிறகு கவனியுங்கள். சில நிமிஷங்களில் அது உப்பி, வாய் பிளந்து, மறுபடி வெறும் மரத்தூளாகிவிடும். பெல்லட்டுக்குத் தண்ணீர் எத்தகைய சத்துரு என்று இதிலிருந்தே தெரிகிறதல்லவா? நல்ல பெல்லட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் ஈரம் இருக்கலாகாது. ஈரம் இருந்தால் நெருப்பின் உழைப்பு இட்டிலிக்குப் போகாது. தண்ணீரை ஆவியாக்குவதற்கே போகும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும்!

அடுத்து, கழிக்கிற வழி. சல்லடைத் தட்டைக் கழற்றினால் அதன் துவாரங்களில் பாதிக்கு மேல் அடைப்பு. சாம்பல் மட்டும் அல்ல. கண்ணாடி போல உருகி இறுகிய கட்டிகள். கொல்லன் உலையில் வருமே இரும்புக் கிட்டம், அந்த ஜாதி. மரத்தூளில் மண்ணும் மணலும் கலந்திருந்தால் இப்படிக் கிட்டம் கட்டும். பழைய ஸ்க்ரூ டிரைவரால் தட்டிச் சுரண்டி, ஒவ்வொரு துவாரத்தையும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தான் பையன். சாம்பல் தட்டும் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அதை இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும். ஆறிவிட்டது என்று நாம் நினைக்கும் சாம்பலுக்குள் கங்கு ஒளிந்திருக்கும். பிளாஸ்டிக் கூடையும் அட்டைப் பெட்டியும் கூடாது.

கடைசியாக, மூச்சு விடுகிற வழி. விசிறி ஓடியது. ஆனால் காகிதத் துண்டு ஒன்றைக் காற்று நுழையும் வாயருகே பிடித்தபோது அது அசைந்தே கொடுக்கவில்லை. நன்றாக உறிஞ்சினால் காகிதம் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினோம். இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் தூளும் சேர்ந்து அப்பிக் கிடந்தன. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்ததும் காகிதம் 'பட்' என்று ஒட்டிக்கொண்டது.

யார் குற்றம்?

அடுப்பு சுத்தமாகிவிட்டது. ஆனால் பெல்லட் ஏன் ஈரமாயிற்று? கூரை ஒழுகவில்லை. மூட்டை மழையில் நனையவில்லை. சித்தப்பா கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

மூட்டைகள் அடுக்கியிருந்த இடம், இட்டிலிக் கொப்பரைக்கு நேர் பக்கத்தில்! மூடியைத் திறக்கும்போதெல்லாம் கிளம்பும் ஆவி முழுவதும் மூட்டைக்குத்தான். போதாக்குறைக்கு அவை வெறும் சிமெண்டுத் தரையில், கடற்காற்றின் உப்பு பூத்த சுவரை ஒட்டி நின்றன. எங்கள் ராயபுரத்தில் மழை நாளில் உப்பு ஜாடியே தண்ணீர் விட்டுக்கொள்ளும். பெல்லட் எம்மாத்திரம்?

இன்னொரு விஷயமும் வெளிவந்தது. மூட்டையின் அடியில் தங்கும் தூளை அக்கா வீணாக்குவதில்லை. கடைசிப் பிடி வரை தொட்டியில் கொட்டிவிடுவார்.

"காசு குடுத்து வாங்கினதாச்சேம்மா! தூளுன்னு தூக்கிப் போட மனசு வருமா? நாந்தான் அடுப்பைக் கெடுத்தேனா?" என்று கேட்டார். குரல் கம்மியது.

எனக்குச் சுரீரென்றது. சிக்கனமாக இருந்ததற்கு இப்படி ஒரு தண்டனையா? சித்தப்பா அவசரமாகத் தலையை ஆட்டினார். "உன் மேல் குற்றமே இல்லை அம்மா. அடுப்பை விற்றவர், இதை எங்கே வைக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? தூளையும் எறிய வேண்டாம். உங்கள் அம்மா காலத்து மரத்தூள் அடுப்பு இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருந்தது! பரணிலிருந்து இறங்கியது பழைய தகர டின் அடுப்பு. அதை எப்படி நிரப்புவது என்று அக்காவே எங்களுக்குச் செய்து காட்டினார். பக்கத்தில் உள்ள ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருக வேண்டும். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்த வேண்டும். சுற்றிலும் காய்ந்த தூளைப் போட்டு நன்றாக இடித்து இறுக்க வேண்டும். பிறகு பாட்டிலைத் திருகி மேலே எடுத்து, கட்டையையும் உருவினால் உள்ளே 'ட' எழுத்தைப் போல ஒரு சுரங்கம்! பக்கத்து ஓட்டையில் தீ வைத்தால் காற்று அந்த வழியாக ஏறி மணிக்கணக்கில் நின்று எரியும். தளர்வாக அடைத்தால் சுவர் இடிந்து சுரங்கம் மூடிவிடும். தூள் ஈரமாக இருந்தால் புகைதான். அந்த அடுப்பைத் திறந்த வெளியில் வைத்துப் பாத்திரம் கழுவ வெந்நீர் போடலாம். வெயிலில் காய வைத்த தூளுக்கு மோட்சம் கிடைத்தது.

பெல்லட்டுக்கு வழி? முறம்! மளிகைச் சாமானைப் புடைக்கிற மாதிரி, தொட்டியில் கொட்டுவதற்கு முன் ஒரு புடைப்பு. தூள் பிரிந்துவிடும். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரப் பலகையின் மேல், கொப்பரைக்கு எதிர்ப் பக்கத்தில் அடுக்கினோம். பிரித்த மூட்டை மூடி போட்ட டிரம்முக்குப் போயிற்று. கிருஷ்ணாயில் கேன் மட்டும் கடையில் தங்கவில்லை. மாமன் வீட்டுக்கே திரும்பிவிட்டது. அதைப் பையனே எடுத்துக்கொண்டு போனான், தலையைக் குனிந்தபடி.

புதுப் பெல்லட்டைத் தொட்டியில் பாதிக்கு மட்டும் போட்டு, சல்லடையில் காய்ந்த சிராய்களைப் பற்ற வைத்து, விசிறியை மெதுவாக விட்டோம். ஐந்து நிமிஷத்தில் ஜுவாலை நிமிர்ந்தது. விசிறியைக் கூட்டியதும் புகை போயிற்று. தொட்டிக்குள் பெல்லட் சரியும் சத்தம் 'சர சர' என்று கேட்டது. இருந்த கொஞ்ச மாவில் முதல் ஈடு இட்டிலியை அக்கா சித்தப்பாவுக்குத்தான் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். சித்தப்பாவும் கொடுக்காமல் போகிறவர் அல்ல. கடைசியில் தட்டின் அடியில் வைத்துவிட்டு வந்தார்!

நம் வீட்டு காஸ் அடுப்பு

இனி நம் வீட்டுக்கு வருவோம். சித்தப்பாவின் மூன்று வழிகளும் காஸ் அடுப்புக்கும் பொருந்தும்.

தீ சிறுத்துவிட்டதா? முதல் கேள்வி: ஒரு பர்னரா, எல்லாப் பர்னருமா? ஒன்று மட்டும் மங்கினால் கோளாறு அந்தப் பர்னரில். எல்லாம் மங்கினால் சிலிண்டர் தீரும் தறுவாயில் இருக்கலாம். ரப்பர் குழாய் மடங்கியிருக்கலாம். அல்லது ரெகுலேட்டரில் கோளாறு இருக்கலாம். ரெகுலேட்டரைப் பிரிப்பது நம் வேலையல்ல. ஏஜென்சியில் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடிக்கிறதா? மூச்சு விடுகிற வழியில் அடைப்பு. பொங்கிய பாலும் சிந்திய சாம்பாரும் பர்னரின் கண்களை மூடியிருக்கும். அடிக் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். அடுப்பு ஆறிய பின், ரெகுலேட்டரை மூடிவிட்டு, பர்னர் தலையை எடுத்துச் சோப்புக் கலந்த வெந்நீரில் ஊற வையுங்கள். பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு கண்ணையும் மெல்லிய கம்பியால் சுத்தம் செய்து, துளி ஈரமும் இல்லாமல் உலர்த்தி மாட்டுங்கள். ஆனால் அடியில் உள்ள ஜெட் என்ற நுண்ணிய துவாரத்தை ஊசியால் குடையாதீர்கள். துவாரம் பெரிதானால் காஸ் அளவுக்கு மீறி வரும். அது மெக்கானிக்கின் வேலை.

சிலிண்டர் தீரும் சமயத்தில் அதைப் படுக்க வைப்பதும், கவிழ்ப்பதும், வெந்நீரில் நிறுத்துவதும் சில வீடுகளில் வழக்கம். தயவு செய்து வேண்டாம்! உள்ளே இருப்பது அழுத்தத்தில் திரவமான வாயு. படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் வந்துவிடும். அரை நாள் சமையலுக்காக ஆயுசைப் பணயம் வைப்பதா?

காஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிவதற்காகவே நாற்றமடிக்கும் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். காஸ் காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகத் தேங்கும். நாற்றம் வந்தால் விளக்கு ஸ்விட்சைப் போடவும் வேண்டாம். எரிவதை அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்து வெளியே வாருங்கள், வெளியிலிருந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசுங்கள். கசிவைத் தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி காட்டிக் கொடுக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிண்டர் வந்ததும் அதன் கழுத்து வளையத்துக் கம்பியில் உள்ள எழுத்தையும் பாருங்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி, சி, டி அடுத்தடுத்த மும்மாதங்கள். பக்கத்தில் இருப்பது வருஷம். அந்தத் தவணைக்குள் சிலிண்டரைச் சோதித்தாக வேண்டும் என்று அர்த்தம். தவணை தாண்டியிருந்தால் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

அணையாத நெருப்பு

எங்கள் ராயபுரத்தில் பார்ஸிக்காரர்களின் அக்கினிக் கோயில் ஒன்று இருக்கிறது. 1910-ஆம் ஆண்டு கட்டியது. அங்கே உள்ள நெருப்பை அணைய விடாமல் நாளுக்கு ஐந்து வேளை குருமார் கையாலேயே ஊட்டி வளர்த்து வருகிறார்கள். காய்ந்த கட்டை, வேளை தவறாத கவனிப்பு, சாம்பலை அகற்றும் கை. நூறு வருஷங்களுக்கு மேல் ஒரு நெருப்பு நின்று எரிகிறதென்றால் அந்தக் கவனந்தான் காரணம்.

இட்டிலி அக்காவின் கடையில் இப்போது சனிக்கிழமை மத்தியானம் அடுப்புக்கு விடுமுறை. பையன் சல்லடையைக் கழற்றிச் சுரண்டுகிறான், விசிறியைத் துடைக்கிறான், காகிதத் துண்டைப் பிடித்துப் பார்க்கிறான். அக்கா முறத்தோடு உட்கார்ந்து பெல்லட் புடைக்கிறார். சென்ற வாரம் நான் போனபோது, "அரிசி புடைச்ச கை, இப்ப அடுப்புக்குச் சோறு புடைக்குதும்மா!" என்று சொல்லிச் சிரித்தார்.

தொட்டிக்குள் பெல்லட் சரிந்துகொண்டிருந்தது. கொப்பரையிலிருந்து ஆவி கிளம்பியது. அது எதிர்ப் பக்கச் சுவருக்குப் போகாமல் வாசலைப் பார்க்கப் போயிற்று.